திண்ணையா, போர்டிகோவா? கொத்தனார் மகன் பதில்கள்

போன மாதம் மாடித்தோட்டத்தின் பாரம் பற்றி எழுதியபோது, "வாசலைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன் என்று நினைக்கிறேன், இல்லை ஆசிரியர் சேர்த்தாரோ. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர்டிகோ, திண்ணை, சிட்-அவுட்தான். ஏழு கடிதங்களைப் பொறுக்கி எடுத்தேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மனை 30-க்கு 40. மேற்குப் பார்த்த வாசல். வீட்டுக்காரர் கார் நிற்கிற மாதிரி போர்டிகோ வேண்டும் என்கிறார். மாமியாருக்குத் திண்ணை வேண்டும். இரண்டுக்கும் இடம் இருக்குமா, இல்லை யாராவது ஒருவரைச் சமாதானம் செய்ய வேண்டுமா? கார், ஸ்விஃப்ட். (மதுரை, ஒத்தக்கடை பக்கம்)

சமாதானம் எல்லாம் வேண்டாம் அம்மா. இடம் இருக்கிறது. ஆனால் பிளான் போடுகிறவர் மேசையில் கோடு போட்டுக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். கோலப்பொடி ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மனையில் போர்டிகோ வருகிற இடத்தில் 11 அடி அகலம், 16 அடி நீளத்துக்குக் கோடு இழுங்கள். காரைக் கொண்டுவந்து அதற்குள் நிறுத்தி நான்கு கதவையும் திறந்து பாருங்கள். மாமியாரைப் பின் சீட்டில் உட்காரவைத்து இறங்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்ட் 12 அடி 8 அங்குல நீளம், 5 அடி 8 அங்குல அகலம். காகிதத்தில் 9 அடி அகலமே போதும் போலத்தான் தெரியும். வயதானவர் கதவைப் பிடித்துக்கொண்டு, காலை வெளியே வைத்து, சேலையைச் சரிசெய்து எழுந்திருக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது அந்தக் கோலப்பொடிக் கோட்டில்தான் தெரியும். தூண் எங்கே வருமோ அங்கே ஒரு செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். கதவு அதில் இடிக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த போர்டிகோக்களில் பத்தில் நான்கிலாவது தூணில் கார்க் கதவின் பெயின்ட் ஒட்டியிருக்கும்.

முகப்பு 30 அடியில் இரண்டு பக்கமும் மூன்று மூன்றடி விட்டால் 24. அதில் போர்டிகோவுக்கு 11. மீதி 13-ல் வாசற்படிக்கு 4 அடி. பாக்கி 9 அடி நீளத்துக்குத் திண்ணை. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், ஒருவர் படுக்கலாம். முன்புறமும் பக்கத்திலும் எவ்வளவு விட வேண்டும் என்பதை 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளை வைத்துக்கொண்டு உங்கள் பொறியாளர் சொல்வார். சாலை அகலத்தைப் பொறுத்து அது மாறும். அதைக் கேட்டுவிட்டு என் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

திண்ணைக்கு ஆழம் 3 அடி, உயரம் ஒன்றரை அடி. மாமியார் குள்ளம் என்றால் 16 அங்குலம் போதும். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். தொங்கினால் அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போகும். அப்புறம் யாரும் உட்கார மாட்டார்கள், செருப்பு வைக்கிற மேடையாகிவிடும்.

கூரை? திண்ணை 3 அடி ஆழம் என்றால் கூரை 6 அடியாவது வெளியே வர வேண்டும், அதுவும் தாழ வேண்டும். போர்டிகோவுக்கு 10 அடி உயரம் வைப்பதால் திண்ணைக்கும் அதே மட்டத்தை இழுத்துவிடுகிறார்கள். பார்க்க நேராக இருக்கும், வெயில் நேராக உள்ளே வரும். திண்ணைக்கூரையின் ஓரம் தரையிலிருந்து ஏழரை அடியில் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து வருவது. உங்கள் வாசலுக்கு அது வீட்டின் முதுகுப் பக்கம். பிரச்சினை மேற்கு வெயில். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சூரியன் எவ்வளவு தாழ்ந்துவிடும் என்றால், எந்தக் கூரையும் உதவாது. அதற்கு மேலிருந்து சுருட்டி இறக்குகிற மூங்கில் தட்டிதான் வழி. கொக்கி மாட்டும் கம்பியைக் கூரை போடும்போதே விட்டுவிடுங்கள். பிறகு துளை போட்டால் கம்பியில் முட்டும், ஆணி ஆடும். வெட்டிவேர்த் தட்டி இன்னும் நல்லது, ஆனால் அதற்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். மாமியார் தெளிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் முன் பழைய வீட்டோடு போர்டிகோ சேர்த்தோம். சேர்த்த இடத்தில் நேர்கோடாக விரிசல். வருஷா வருஷம் மழைக்கு முன் கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைக்கிறார், வருஷா வருஷம் திறக்கிறது. கொத்தனார் சரியில்லையா? (கோவில்பட்டி)

கொத்தனாரைத் திட்டாதீர்கள். உங்கள் ஊர் மண் அப்படி. கரிசல் மழையில் உப்பும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். உங்கள் பழைய வீட்டின் கடக்கால், அதாவது அஸ்திவாரம், ஒரு ஆழத்தில் நிற்கிறது, புதுத் தூண்களுக்கு அஸ்திவாரக் குழியை வேறொரு ஆழத்தில் தோண்டியிருக்கிறார்கள். வீடு இருபது முப்பது வருடமாக இறங்கி உட்கார்ந்துவிட்டது. போர்டிகோ இப்போதுதான் உட்கார இடம் தேடுகிறது. இரண்டையும் சிமெண்டால் ஒட்டினால் பலவீனமான இடத்தில் கிழியும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அக்கா வீடு. 1987. டிப்ளமோ முடித்து இரண்டு வருடம். எல்லாம் தெரியும் என்கிற வயது. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் பூமி. பழைய சுவரில் துளை போட்டுக் கம்பியைச் செருகி, புது ஸ்லாபை வீட்டோடு "பிடித்துக் கட்டினேன்". அப்பா பார்த்துவிட்டு, "ரெண்டு மாட்டை ஒரே கயித்துல கட்டுற, ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் படுக்கணும்" என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த ஐப்பசியில் போர்டிகோ மட்டுமல்ல, அக்கா வீட்டு ஹால் சுவரிலும் விரல் நுழைகிற விரிசல். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டியும் கண்ணாடி உடையாமல் இருந்தால் மண் அடங்கிவிட்டது. உடைந்தால் இன்னும் நடக்கிறது. எப்படியிருந்தாலும் அந்த இடத்தில் சிமெண்ட் வேண்டாம். பழைய அடைப்பை எல்லாம் கொத்தி எடுத்து அரை அங்குல இடைவெளியாகவே விட்டுவிடுங்கள். உள்ளே நுரைக் கயிறு திணித்து, மேலே பி.யூ. சீலண்ட். அது ரப்பர் மாதிரி இழுபடும். அதற்கும் மேல் ஒரு அலுமினியத் தகடு. வீட்டுச் சுவரில் காடி வெட்டி அதன் ஒரு விளிம்பை மட்டும் செருகிப் பூசிவிடுங்கள். மறு விளிம்பு போர்டிகோ மேல் நான்கு அங்குலம் சும்மா படிந்து நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் மறுபடியும் ரெண்டு மாடு, ஒரு கயிறுதான்.

இன்னொன்று. போர்டிகோ மேல் விழும் தண்ணீர் குழாய் வழியாகத் தூண் அடியிலேயே கொட்டுகிறதா? பாருங்கள், கொட்டும். கரிசலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. குழாயை நீட்டி மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆகிவிட்டது. தொட்டி தூணிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: மேற்கொண்டு தூண் இல்லாமல் 6 அடி வெளியே நீட்டி போர்டிகோ போட்டுத் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி. பார்க்க அழகாக இருக்கும் என்கிறார். நம்பலாமா? (தஞ்சாவூர்)

அழகாகத்தான் இருக்கும். நம்புவதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முக்கியக் கம்பி மேலே வருமா, கீழே வருமா?"

"கீழே" என்றால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்த ஸ்லாப் நடுவில் தொய்யும், அதனால் அடிப்பக்கம் இழுபடும், கம்பி கீழே. ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டியிருக்கும் ஸ்லாபுக்கு நுனி தொங்கும், அதனால் மேல்பக்கம் இழுபடும். கையை நீட்டி அதில் ஒரு வாளித் தண்ணீரை மாட்டிப் பாருங்கள், வலி தோளின் மேல்பக்கம்தான் வரும்.

மேஸ்திரி "மேலே" என்று சரியாகச் சொன்னாலும் கதை முடியவில்லை. கான்கிரீட் போடும் நாள்தான் கண்டம். சட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தாள்கள் கம்பி மேலேயே நடப்பார்கள். மேல் கம்பி மிதிபட்டு மிதிபட்டுக் கீழே போய்விடும். நான் சைட்டில் நிற்கும்போது அந்தக் கம்பிக்கு அடியில் நாற்காலி மாதிரி வளைத்த கம்பிகளை இரண்டடிக்கு ஒன்றாக வைப்பேன், அதற்கு மேல் நடக்கப் பலகை போடுவேன். கலவை விழுவதற்கு ஐந்து நிமிடம் முன் ஸ்லாபின் ஓரத்தில் குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேல் கம்பி மேலே இருந்து ஓர் அங்குலத்துக்குள் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். வயிறு மாதிரி தொங்கினால் நிறுத்துங்கள்.

6 அடி என்பது சன்ஷேட் இல்லை. அறைக்குள் போடுகிற 5 அங்குலத் தடிமன் இதற்குப் போதாது. சுவரை ஒட்டிய இடத்தில் எட்டு அங்குலம் பக்கம் வரும், நுனியில் மெலியலாம். அதைவிட முக்கியம், வீட்டுப் பக்கம் அதைப் பிடித்திருப்பது எது என்பது. உள்ளே ஹால் ஸ்லாபோடு தொடர்ந்து கம்பி போக வேண்டும், நீட்டிய நீளத்துக்கு ஒன்றரை மடங்காவது. வாசல், ஜன்னலுக்கு மேல் ஓடும் வெறும் லிண்டல் பீமிலிருந்து 6 அடி இழுத்தால் பீம் முறுக்கிக்கொள்ளும். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் ஒருவரிடம் கம்பி வரைபடம் வாங்குங்கள். இதில் மட்டும் அனுபவத்தை நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து.

கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கிற முட்டுகளை எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்லாபுக்குக் கான்கிரீட் விதிப் புத்தகம் 7 நாள், 14 நாள் என்று சொல்லும். இந்த மாதிரி நீட்டலுக்கு நான் 21 நாள் ஆகாமல் யாரையும் தொட விட்டதில்லை. எடுக்கும்போது நுனியிலிருந்து ஆரம்பித்துச் சுவரை நோக்கி வர வேண்டும். சுவர்ப்பக்க முட்டை முதலில் தட்டினால் நுனி முட்டின் மேல் ஸ்லாப் தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும், அதற்கு அதில் கம்பி இல்லை.

கேள்வி: வாசற்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமா? (திருச்சி)

இருக்கட்டும், கெடுதல் இல்லை. மூன்றோ ஐந்தோ, எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாஸ்து. 6 அங்குலம் உயரம், ஓரடி அகலம். கடைசியில் தரை டைல்ஸ் ஒட்டியதும் கீழ்ப்படி 4 அங்குலமாகிவிடும், அதில்தான் விருந்தாளி விழுவார். டைல்ஸ் தடிமனையும் கலவையையும் கணக்கில் சேர்த்துப் படியைக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. வாசலில் சாய்தளம் வைக்க வேண்டும். பேஸ்மட்டம் 2 அடி உயரம். (கோவை)

ஓரடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. உங்களுக்கு 24 அடி. நேராக இடம் இருக்காது, எனவே நடுவில் நாற்காலி திரும்ப 5-க்கு 5 அடி சமதளம் வைத்து மடக்குங்கள். ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய். "ஸ்கூட்டர் ஏறுகிற மாதிரி" என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கூட்டருக்கு எஞ்சின் இருக்கிறது, அம்மாவின் நாற்காலியைத் தள்ளப்போவது நீங்கள்.

கேள்வி: திண்ணைக்கு ரெட் ஆக்சைடு தரை போட ஆசை. ஆனால் எல்லோரும் இப்போது ஆள் கிடையாது, ஆத்தங்குடி கல் ஒட்டிவிடு என்கிறார்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் வேண்டாம் என்று மட்டும் தீர்மானித்துவிட்டேன். (சென்னை, தாம்பரம்)

தீர்மானம் சரி. மழைச்சாரல் விழுந்த விட்ரிஃபைடு டைல்ஸில் வழுக்கி விழுந்தவர்கள் கணக்கை எந்த எலும்பு டாக்டரிடமும் கேட்கலாம்.

ரெட் ஆக்சைடுக்கு ஆள் இருக்கிறார்கள், குறைவு. என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் அப்பா போட்ட சிவப்புத் தரை இருக்கிறது. அதைப் போட்டபோது எனக்குப் பத்து வயது. அன்று காலையில் நாலு மணிக்கே ஆரம்பித்தார். கலவையை விரித்து, பரப்பைச் சமன்செய்யும் மணியாசுக் கட்டையால் இழுத்து, அது கை வைத்தால் ஒட்டாத, ஆனால் அழுத்தினால் பதிகிற பக்குவத்துக்கு வரும்வரை பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் சிமெண்டும் சாயப்பொடியும் கலந்த பூச்சு. கரணையைத் தேய்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். சாப்பிடக்கூட எழவில்லை, நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும், காலத்துக்கும் போகாது. மதியம் பெரியம்மா மோர்ச்சோற்றை உருட்டி உருட்டி வாயில் கொடுத்தாள்.

அதனால் ஆள் தேடும்போது "எத்தனை ரூபாய்" என்பதற்கு முன் "ஒரே மூச்சில் முடிப்பீர்களா" என்று கேளுங்கள். மொத்தத் திண்ணைக்கும் தேவையான சிமெண்டையும் சாயத்தையும் உலர்ந்த நிலையிலேயே ஒன்றாகச் சலித்துக் கலந்து வைத்துவிட வேண்டும். பாதியில் தீர்ந்துபோய்ப் புதிதாகக் கலந்தால் இரண்டு சிவப்பு தெரியும். மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், ஒரு வாரத்துக்குக் குறையாமல். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம். முதல் வருடம் மங்கலாகத்தான் இருக்கும். கால் பட்டுப் பட்டுத்தான் பளபளப்பு வரும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆத்தங்குடி கல் மோசமில்லை. சூளையில் சுடுவதில்லை, கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. ஆசிட் ஊற்றிக் கழுவக்கூடாது, அவ்வளவுதான். ஒட்டி முடித்த அன்று வேலைக்காரர்களே ஆசிட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதைப் போட்டாலும் வெளிப்பக்கம் அடிக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். வாட்டம் இல்லாத திண்ணையில் சாரல் தேங்கி நிற்கும்.

கேள்வி: தாத்தா வீடு, சுண்ணாம்புக் கட்டடம். தெருவைப் பார்த்துத் திண்ணை, மரத்தூண், ஓட்டுக்கூரை. பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. சிமெண்ட் பூசினோம், அதுவும் பொருக்காக விழுகிறது. இடித்துவிட்டு போர்டிகோ கட்டலாம் என்கிறான் தம்பி. (புதுச்சேரி)

தம்பியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே வைசியாள் தெரு பக்கம் அவரை ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள். வரிசையாகத் தாழ்வாரமும் திண்ணையும் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். தாழ்வாரம் தெருவில் போகிறவனுக்கு, திண்ணை வீட்டுக்கு வந்தவனுக்கு என்று இரண்டாகப் பிரித்துக் கட்டிய கணக்கு அது.

பூசிய பிறகும் உதிர்வதற்குக் காரணம் அந்தச் சிமெண்ட்தான். சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் மூக்கைப் பொத்தின மாதிரி. ஈரம் உள்ளேயே நின்று, உப்பைச் சுமந்துகொண்டு பூச்சைத் தள்ளும். சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்து காயவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டார் கேட்பார்கள். பிறகு கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த சுண்ணாம்புக் கலவைதான் பூச வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

மரத்தூணைப் பார்க்கும்போது அடியை மட்டும் பாருங்கள். கல் பீடத்தின் மேல் நின்றால் தூண் நன்றாக இருக்கும். யாராவது இடைக்காலத்தில் தரையை உயர்த்திப் பீடத்தை மூடியிருந்தால், மரம் சிமெண்டுக்குள் புதைந்து கரையானுக்கு வழியாகியிருக்கும். ஓர் ஆணியை எடுத்து அடியில் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் இறங்கினால் கவலையில்லை. பாதி இறங்கினால் அந்த அடித்துண்டை மட்டும் அறுத்துவிட்டு, பீடத்தை உயர்த்தலாம். தூணையே மாற்ற வேண்டியதில்லை. அறுப்பதற்கு முன் கூரைக்கு முட்டுக் கொடுக்க மறக்க வேண்டாம்.

உங்கள் புகைப்படத்தில் திண்ணையின் ஒரு கோடியில் சரிவாக ஒரு மேடு தெரிகிறது. கட்டும்போதே வைத்த தலையணை அது. பூச்சுக்காரர்கள் அதைச் சமன்செய்துவிடப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து டேப்பால் அளந்து அனுப்புங்கள். "சுமார் பத்து எட்டு நடை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கால் நீளம் எனக்குத் தெரியாது. அடுத்த இதழில் மாடிப்படி.